‘முழுத் தேக்கு’ என்று எழுதி வெனீர் மேசையை அனுப்பினால்: தவறான தகவலுக்கு எதிராக நுகர்வோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

கேள்வியின் சுருக்கம் இது. மதுரையில் வசிக்கும் ஒருவர் இணையச் சந்தைத் தளம் ஒன்றில் ‘முழுத் தேக்கு’ என்ற விவரத்துடன் விற்கப்பட்ட எழுதுமேசையை வாங்கியிருக்கிறார். 24,999 ரூபாய் என்பதைக் கோடிட்டு அடித்து, 9,999 ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். வந்து சேர்ந்ததோ மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் மேல் வெனீர் எனப்படும் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய மேசை. விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கிறார்; தளம், தான் இடையில் நிற்பவர் மட்டுமே என்கிறது. சட்டம் இதில் யார் பக்கம் நிற்கிறது, இதையே கடையில் நேரில் வாங்கியிருந்தால் நிலைமை மாறுமா என்று அவர் கேட்கிறார்.

சட்டம் அவர் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. விற்பனையாளர் திட்டமிட்டு ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பலர் புகார் கொடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேட்பது வேறு: வாங்குவதற்கு முன் உங்களிடம் என்ன சொல்லப்பட்டது, வந்த பொருள் அதற்கு ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 2(28) பிரிவு, ஒரு பொருளைப் பொய்யாக விவரிப்பதையும், அதன் தன்மை, உட்பொருள், அளவு, தரம் ஆகியவை பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கக்கூடியதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. ‘எண்ணவைக்கக்கூடியது’ என்பதே போதும். விற்றவரின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று தோண்டத் தேவையில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது பற்றிய கூறில் மட்டுமே நோக்கம் உள்ளே வருகிறது. தளத்தில் பொருளின் பக்கத்தில் உள்ள விவரக்குறிப்பு, படம், பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள், கடை வாசலில் கட்டிய பேனர் ஆகிய எல்லாமே இந்தச் சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். ஆகவே விளம்பரம் வேறு, பொருள் விவரம் வேறு என்று விற்பனையாளர் வாதிட இடமில்லை.

இதே சட்டத்தின் 2(47) பிரிவு, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ எவை என்று நீளமாகப் பட்டியலிடுகிறது. ஒரு பொருளுக்கு இல்லாத தரத்தையோ, உட்கூறுகளையோ, மாதிரியையோ இருப்பதாகச் சொல்வது அந்தப் பட்டியலில் முதலில் வருவது. வெனீர் மேசையை முழுத் தேக்கு என்பது இதற்குள் நேராக விழுகிறது. விற்பனையாளர் இங்கே எடுக்கக்கூடிய ஒரே தற்காப்பு, வெனீரும் தேக்குதானே என்பதும், விவரப் பக்கத்தின் அடியில் எங்கோ ‘டீக் ஃபினிஷ்’ என்று குறிப்பிட்டிருக்கிறோம் என்பதும்தான். அந்த வாதம் நிற்காது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022 ஜூன் 9ஆம் தேதி வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்புக் குறிப்புகளைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகின்றன. அடிக்குறிப்பு, தலைப்பில் சொன்னதை விளக்கலாம். அதற்கு முரணாக இருக்கக் கூடாது. முக்கியமான தகவலை அது மறைக்கக் கூடாது. தலைப்பில் உள்ள தவறான கூற்றைச் சரிசெய்யும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அடிக்குறிப்பும் இருக்க வேண்டும் என்பது தமிழில் விளம்பரம் செய்துவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதும் பழக்கத்துக்கு நேரான தடை. அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதை எந்தப் பண்டிகைக்கால நாளிதழைப் புரட்டினாலும் காணலாம்.

இந்த விதி காகிதத்தில் மட்டும் இல்லை என்பதற்கு, ஆட்டோ, பைக் பயணங்களைப் பதிவுசெய்ய உதவும் ரேபிடோ நிறுவனத்தின் மீதான நடவடிக்கை எடுத்துக்காட்டு. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. கொடுத்ததோ ரூபாய் அல்ல, அதிகபட்சம் 50 ரூபாய் மதிப்புள்ள ‘காயின்கள்’. அவற்றையும் பைக் பயணத்துக்கு மட்டுமே, ஏழு நாட்களுக்குள் பயன்படுத்த முடியும். நிபந்தனைகள் கண்ணுக்கே தெரியாத சிற்றெழுத்தில் இருந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ‘இலவசம்’ என்ற சொல்லுக்கும் இதே நெறிமுறைகளில் வரம்பு உண்டு: விளம்பரத்துக்குப் பதிலளிக்கவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையும் வாங்குபவர் செலுத்த வேண்டியிருந்தால் அதை இலவசம் என்று சொல்லக் கூடாது.

இனி விலை. கோடிட்டு அடித்த அந்த 24,999 ரூபாயைப் பற்றிப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தள்ளுபடி என்றால் அப்படித்தான் என்று கடந்துபோகிறார்கள். ஆனால் 2(47) பிரிவில் விலை பற்றிய ஒரு கூறு இருக்கிறது. அதைப் படிக்காமல் தள்ளுபடிப் புகார் எழுதக் கூடாது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது அல்லது விற்கப்படுகிறது என்பது குறித்து மக்களைக் கணிசமாகத் தவறாக எண்ணவைப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அதோடு நில்லாமல் ஓர் அனுமானத்தையும் சட்டம் வைக்கிறது. ‘இது எங்கள் முந்தைய விற்பனை விலை’ என்று விற்பவர் தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், அவர் காட்டிய ஒப்பீட்டு விலை அந்தச் சந்தையில் விற்பனையாளர்கள் பொதுவாக விற்கும் விலையையே குறிப்பதாகக் கொள்ளப்படும். அதாவது, அதே வெனீர் மேசையை மற்றவர்கள் எல்லாம் பத்தாயிரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தால், 24,999 என்ற எண் தனியாகவே ஒரு பொய்க்கூற்று. அதே வகை மேசைக்கு மற்ற நான்கைந்து விற்பனையாளர்கள் காட்டும் விலைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள் இதற்கு நல்ல சான்று.

இந்தக் கூறுக்கு ஓர் ஓட்டையும் உண்டு. பொட்டலப் பொருட்களில் கோடிட்டு அடிக்கப்படும் எண் பெரும்பாலும் எம்ஆர்பி, அதாவது அதிகபட்ச சில்லறை விலை. அதைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கிறார். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் போன்ற சிலவற்றைத் தவிர, அதற்கு மேல்வரம்பு எதையும் சட்டம் வைக்கவில்லை. யாருமே அந்த விலைக்கு விற்காத எண்ணை அச்சிட்டு, அதிலிருந்து 70 சதவீதம் தள்ளுபடி என்று சொல்லும்போது, ‘நாங்கள் அச்சிட்ட எம்ஆர்பியைத்தானே காட்டினோம்’ என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடைக்காரர் அதற்கு முந்தைய 30 நாட்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லை. என் பார்வையில், நம் சில்லறை வணிகச் சட்டங்களில் உடனடியாக நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

எம்ஆர்பி தொடர்பாக உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அது எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது. ஒரே பொருளுக்கு விமான நிலையத்துக்கு ஒன்று, தெருக்கடைக்கு ஒன்று என இரண்டு எம்ஆர்பி அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு இது பொருந்தாது. அங்கே பொருளோடு சேவையும் சேர்கிறது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், நிகர அளவு, எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு விவரம் முதலியவை பொட்டலத்தின் மேல் மட்டுமல்லாமல் இணைய விற்பனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த எடையளவுச் சட்டங்களைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. ஆகவே எம்ஆர்பிக்கு மேல் விற்கும் கடையைப் பற்றிய புகார் அங்கே போக வேண்டும்.

அளவு பற்றிய சிறு பொய்யும் பொய்யே என்பதற்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023இல் அளித்த தீர்ப்பைச் சொல்லலாம். ஐடிசி நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் உறையில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருக்க, உள்ளே 15 இருந்தது. எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில்தான் விற்கிறோம் என்று நிறுவனம் வாதிட்டது. உறையில் 76 கிராம் என்று இருக்க, எடை 74 கிராம்தான் இருந்ததாக ஆணையம் கண்டது. எண்ணிக்கையை உறையின் மேல் நீங்களே அச்சிட்டிருக்கும்போது அதை நம்பித்தான் ஒருவர் வாங்குகிறார் என்ற அடிப்படையில், ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சமா என்று சிரித்தவர்கள் உண்டு. தினமும் அச்சாகும் உறைகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

நேரில் கடையில் வாங்கியிருந்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அங்கே பெரிய தடையாகத் தோன்றுவது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் வாசகம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அச்சடித்த வாசகம் சட்டத்தை ரத்துசெய்யாது. பில் கொடுக்காமல் இருப்பதும் இதே பட்டியலில் தனிக் கூறாக நிற்கிறது. அதேசமயம் எதிர்ப்புறத்தில் நிலவும் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும்: எந்தப் பொருளையும் ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று பொதுச்சட்டம் எதுவும் இல்லை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவற்றுக்காகத் திருப்பித் தருவது கடையோ தளமோ தானாக வழங்கும் சலுகை. பொருள் குறைபாடுடையதாகவோ சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் மட்டுமே அது உங்கள் உரிமையாகிறது.

கடை வணிகத்தில் நம் ஊருக்கே உரிய இடம் நகைக்கடை. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற அறிவிப்புகளுக்கும் மேற்சொன்ன விதிகள் எல்லாம் பொருந்தும். கழித்ததாகச் சொன்னதை வேறு பெயரில் பில்லில் ஏற்றினால் அது தவறான கூற்றுதான். தங்கத்தின் தூய்மை பற்றி இதைவிடக் கறாரான பாதுகாப்பு இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் நகையில் எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்யுஐடி இருக்க வேண்டும்; அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு நீங்களே சரிபார்க்கலாம். முத்திரை சொல்லும் தூய்மைக்குக் குறைவாக இருந்தால், குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் நகைக்கடைக்காரர் தர வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்து வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது மிகக் கடினம்.

இணையத்தில் வாங்கியவருக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கடையில் வாங்கியவரைவிட ஒரு படி கூடுதலாகவே தருகின்றன. குறைபாடுள்ள பொருளோடு, விளம்பரத்தில் சொன்ன இயல்புகள் இல்லாத பொருளையும், சொன்ன காலத்துக்குப் பின் வந்த பொருளையும் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பேரிடர் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. மதுரைக்காரரின் மேசைக்கு இந்த ஒரு விதியே போதும். மேசை உறுதியாகவே இருக்கலாம், பத்தாண்டு உழைக்கலாம். முழுத் தேக்கு இல்லை என்பதால் திருப்பித் தர அவருக்கு உரிமை உண்டு.

தளத்தின் பொறுப்பு சற்றுச் சிக்கலானது. பிறருடைய பொருட்களை விற்க இடம் தரும் சந்தைத் தளம், விற்பனையாளரின் ஒவ்வொரு பொய்க்கும் தானே பொறுப்பாவதில்லை. ஆனால் அதற்கென்று கடமைகள் இருக்கின்றன. பொருளின் விவரமும் படமும் உண்மைக்குப் பொருந்தும் என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி வாங்கியிருக்க வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால், தகராறைத் தீர்த்துக்கொள்ளத் தேவையான தலைமையக முகவரி போன்ற விவரங்களையும் தர வேண்டும். குறைதீர் அலுவலரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆகவே ‘நாங்கள் இடையீட்டாளர்’ என்று பதில் வந்தால், குறைதீர் அலுவலருக்கே மின்னஞ்சல் அனுப்பி இந்த விவரங்களைக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் பின்னால் உதவும்.

தளங்களும் தண்டனைக்கு உட்பட்டவையே என்பதை 2022 ஆகஸ்ட் உத்தரவு ஒன்று காட்டியது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமான பிறகும், அது இல்லாத 2,265 பிரஷர் குக்கர்கள் அமேசான் வழியாக விற்கப்பட்டிருந்தன. மத்திய ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிவித்துக் குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரவும் உத்தரவிட்டது. அமேசான் இதைத் தில்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. அபராதத் தொகையைவிட, திரும்பப் பெறச் சொன்னதே இதில் கனமான பகுதி.

சொல்லாமல் சொல்லும் பொய்களும் உண்டு. ‘இன்னும் 2 மட்டுமே மீதம்’ என்ற போலி அவசரம், கேட்காமலேயே கூடையில் சேரும் காப்பீடு, பணம் செலுத்தும் கடைசித் திரையில் முளைக்கும் கட்டணம், சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் வைத்த சந்தா என இப்படிப்பட்ட 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியான நெறிமுறைகள் பெயர் சொல்லித் தடைசெய்திருக்கின்றன. விற்பனையாளரே வாடிக்கையாளர் வேடத்தில் மதிப்புரை எழுதுவதை மின்வணிக விதிகள் தடுக்கின்றன; நடைமுறையில் யார் எழுதினார் என்று கண்டுபிடிப்பது அரிது என்பதால் அந்தத் தடைக்கு வலு குறைவு. பொருளைப் பரிந்துரைக்கும் நடிகர்களும் யூடியூபர்களும் பணம் பெற்றதை மறைத்தால் அல்லது விசாரிக்காமல் பொய்யைப் பரப்பினால், அவர்களுக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு விளம்பரத் தடையும் விதிக்கலாம்.

எங்கே போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டின் வேலையும் வேறு. மேலே பல இடங்களில் குறிப்பிட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோர் அனைவரின் நலனுக்காகவும் இயங்குவது: விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும், அபராதம் விதிக்கும். அபராதம் உங்கள் கைக்கு வராது. அதற்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் 9,999 ரூபாயும் இழப்பீடும் வேண்டுமென்றால் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவுசெய்யலாம். பெரிய தளங்கள் பலவும் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுகின்றன, ஆணையம் வரை இழுத்தடிப்பது அவற்றுக்கும் செலவு. தீராவிட்டால் விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு வழக்குத் தொடுக்கலாம். விற்பனையாளர் ஜெய்ப்பூரில் இருந்தாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மிகப் பெரிய மாற்றம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடமே போதும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். காணொலி வழி விசாரணையும் கோரலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். மேசையை உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சிறு தொழிலுக்கு வாங்கியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்கு வாங்கியிருந்தால் இல்லை.

சான்றுகளில் முதலாவது, பொருள் விவரப் பக்கம். புகார் போன மறுநாளே ‘முழுத் தேக்கு’ என்பது ‘தேக்கு வெனீர்’ என்று மாறிவிடும். ஆகவே பெட்டியைப் பிரித்துச் சந்தேகம் வந்தவுடனேயே, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைப்பது நல்லது. அடுத்து பில், பணம் செலுத்திய பதிவு, மேசையின் வெட்டுமுகம் தெரியும் படங்கள். மரம் எதுவென்பதில் மறுப்பு வந்தால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரலாம். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உண்மையில் இதைவிட நீளும் என்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டே தொடங்க வேண்டும்.

கடைசியாக, இந்த ஏற்பாடு முழுவதும் விற்றவர் யாரென்று தெரிந்தால்தான் செயல்படும். இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ முகவரி இல்லாத ஒருவரிடம் ஜிபே வழியாகப் பணம் அனுப்பிப் பொருளே வராமல் போனால், அறிவிப்பு அனுப்பக்கூட இடம் இருக்காது. அந்த நிலையில் நுகர்வோர் ஆணையத்தை நினைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தாமல், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்; பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்கு முன் அதை முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் இருக்கிறது.